முருகைத் தொட்டியும் காபன் ஊட்டமும்

வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று மேற்கே நோக்குவார்க்குக் கடல் எல்லையற்றதாகவும் என்றும் மாறாததாகவும் தோன்றும். எத்துணை ஆறுகள் வந்து கலப்பினும், எத்துணை உயிர்கள் பிறந்து இறப்பினும், அதன் இயல்பு திரிவதில்லை என்பது பொதுவான எண்ணம். அக்கடலினின்றும் இருநூறு இலீற்றர் நீரை முகந்து, கண்ணாடித் தொட்டியொன்றில் நிரப்பி, நான்கைந்து மீன்களையும் சில கடற்சாமந்திகளையும் வாழவிட்டால், அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பது சில வாரங்களிலேயே விளங்கிவிடும். நீர் மஞ்சள் நிறம் பெறும்; கண்ணாடியிற் பாசி படரும்; கடற்சாமந்தி சுருங்கும். கடலை மாறாது வைத்திருப்பது கடலின் பருமன் மட்டுமன்று. அதனுள் இடையறாது நிகழும் இரசாயனத் தொழில்களின் சமநிலையே என்னும் உண்மையை அத்தொட்டி கற்பிக்கின்றது.

அச்சமநிலையைச் செயற்கையாகப் பேணுதற்கு இக்காலத்தார் கையாளும் வழிகளுள் ஒன்று, தொட்டிநீரிற் சிறிதளவு சேதனக் காபனை நாள்தோறும் சேர்த்தலாகும். அதனைப் பொறியொன்றின் வாயிலாகத் தன்னியக்கமாகச் செய்தலும் இன்று இயல்வதாயிற்று. அம்முறையின் தத்துவம் யாது, அதன் பயன் யாது, அதன் தீங்கு யாது, கொழும்பு போன்ற நகரில் அதனை மேற்கொள்வோர் கருத வேண்டுவன யாவை என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

செயற்கைக் கடலின் வரலாறு

கடலுயிர்களைக் கலத்தில் வைத்து வளர்க்கும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தில் அன்னா தைன் என்னும் பெருமாட்டி 1846 ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து கொணர்ந்த முருகை உயிர்களை இலண்டனிலுள்ள தம் இல்லத்தில் வளர்த்தார். நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாறிமாறி ஊற்றுவதே அவர் கண்ட காற்றூட்டமுறை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், யகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், கடலடியிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளைத் தொட்டியில் இட்டு, சிறிதளவு காற்றைக் குமிழியாகச் செலுத்தி, முருகைகளை நெடுநாள் வாழச் செய்தார். 1961 இல் அவர் அம்முறையை வெளியிட்டபோது மேலைநாட்டார் வியந்தனர். பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்தன என்பது பின்னரே தெளிவாயிற்று.

இலங்கையும் இவ்வரலாற்றிற் பங்குடையது. ஆதர் சி. கிளார்க் என்னும் அறிவியல் எழுத்தாளர் 1956 இல் இந்நாட்டில் வந்து தங்கி, இத்தீவின் முருகைப் பார்களைப் பற்றிய நூலை 1957 இல் வெளியிட்டார். 1936 இல் அரசினர் பொறுப்பேற்ற தெஹிவளை விலங்கினச்சாலை, நீர்வாழ் உயிர்களையும் மக்கட்குக் காட்டி வந்துள்ளது. அழகிய கடல்மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழிலும் இங்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. காக்கைதீவில் அமைந்துள்ள தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி நிறுவனமாகிய நாரா, 1981 முதல் கடலாராய்ச்சியை மேற்கொண்டு வருகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். கல் முருகைகள் யாவும் இந்நாட்டிற் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. 1993 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் அவற்றைக் கடலினின்றும் பெயர்த்தெடுத்தல் குற்றமாகும். ஆதலின் சட்டம் இடந்தரும் உயிர்களையே வளர்த்தல் வேண்டும் என்பது முதல் விதி. தொட்டியை அழகுசெய்யக் கடலை வறிதாக்குதல் அறிவுடைமையாகாது.

கழிவு செல்லும் வழி

மீனுக்கு இடும் உணவிற் புரதம் உண்டு. புரதத்தில் நிறைப்படி ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு நைதரசன். மீன் உண்டு கழித்ததும், உண்ணாது விட்டதும் ஈற்றில் அமோனியாவாகின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு. நல்வினைப் பயனாக, பாறையிலும் மணலிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அதனை நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் மண்ணில் ஆராய்ந்து காட்டிய நைத்திரேற்றாக்கம் இதுவே.

நைத்திரேற்று அமோனியாவைப் போற் கொடியதன்று. எனினும் அது தங்கிச் சேர்வது. ஒரு கிராம் உலருணவிற் புரதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து எனக் கொண்டால், அதிலுள்ள நைதரசன் ஏறத்தாழ 0.072 கிராம். அது முழுவதும் நைத்திரேற்றாயின் 0.32 கிராம் ஆகும். அதாவது, இருநூறு இலீற்றர்த் தொட்டியில் ஒரு கிராம் உணவு, இலீற்றருக்கு 1.6 மில்லிகிராம் நைத்திரேற்றைச் சேர்க்கும் ஆற்றலுடையது. வெளியேற வழியில்லையெனின், பதின்மூன்று நாளில் நீரின் நைத்திரேற்று இலீற்றருக்கு இருபது மில்லிகிராமைக் கடந்துவிடும். முருகைப் பார்கள் செழித்த வெளிக்கடலிலோ அது பெரும்பாலும் இலீற்றருக்கு அரை மில்லிகிராமிலும் மிகக் குறைவு. உணவொடு வரும் பொசுபேற்றும் இவ்வாறே சேரும்.

நைத்திரேற்றும் பொசுபேற்றும் மிகின் யாது கேடு? இரண்டும் பாசிக்கு உரமாவன. முருகையின் இழையத்துள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகளும் அவ்வுரத்தால் அளவிறந்து பெருகி, முருகைக்குக் கொடுக்கும் உணவைக் குறைத்துத் தமக்கே கொள்கின்றன. முருகையின் வண்ணம் மங்கிக் கபிலநிறம் மேலோங்கும். இதற்குப் பழைய மருந்து, நீரின் ஒரு பகுதியை வாரந்தோறும் மாற்றுதல். இன்றும் அதுவே தலையாய மருந்து. ஆயின் கொழும்புக் கரையில் மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் கடல் கலங்கும்; களனி கங்கையும் வாய்க்கால்களும் சேற்றுநீரைக் கொணர்ந்து சேர்க்கும். அக்காலத்துக் கரைநீர் தொட்டிக்கு ஏற்றதன்று. செயற்கை உப்போ விலை மிக்கது. ஆதலின் மாற்றுவழி நாடப்படுகின்றது.

குறைவுற்ற பொருள் யாது?

ஓர் உயிரின் வளர்ச்சியை வரையறுப்பது, அதற்கு வேண்டும் பொருள்களுள் மிகக் குறைந்த அளவிற் கிடைப்பதேயாம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலீபிக்கு என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் வலியுறுத்தினார். இஃது இழிவு விதி எனப்படும். வயலுக்கு எத்துணைத் தழையுரம் இடினும், சாம்பற்சத்து இல்லையேல் நெல் விளையாது.

அமெரிக்க அறிஞர் அல்பிரட்டு இரெட்பீல்டு, கடலின் மிதவையுயிர்களை ஆராய்ந்து 1934 இல் ஒரு பேருண்மையை வெளியிட்டார். அவ்வுயிர்களின் உடலில் காபன், நைதரசன், பொசுபரசு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைந்துள்ளன என்பதே அது. இன்று அது 106:16:1 என்னும் அணு விகிதமாகக் குறிக்கப்படுகின்றது. பற்றீரியாக்களின் உடலிற் காபனுக்கு நைதரசன் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று எனலாம்.

மீன்தொட்டியை இவ்விதிக்கண் வைத்து நோக்குக. நைதரசன் மிகுந்துள்ளது, பொசுபரசு உள்ளது. பாசி, காபனைக் காபனீரொட்சைட்டிலிருந்து ஒளியின் துணையாற் பெற்றுக்கொள்ளும். ஆனால் பிற உயிர்களின் கழிவை உண்டு வாழும் பற்றீரியாக்கள் சேதனக் காபனையே வேண்டுவன. தொட்டியில் அவற்றுக்குக் குறைவுற்ற பொருள் அதுவேயாம். அதனைச் சிறிது கொடுத்தால், அவை நீரிலுள்ள நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் கவர்ந்து தம் உடலாக்கிப் பெருகும். பெருகிய பற்றீரியாவை நுரைநீக்கி என்னும் கருவி வெளியேற்றும். நுண்ணிய காற்றுக்குமிழிகளை உயர்ந்த குழாயொன்றிற் செலுத்த, சேதனப் பொருள்களும் நுண்ணுயிர்களும் குமிழிகளின் மேற்பரப்பிற் பற்றி, நுரையாக மேலெழுந்து கிண்ணத்தில் வழிந்து சேரும். கடற்கரையில் அலை மோதுமிடத்துக் காணும் வெண்ணுரையும் இத்தகையதே. இவ்வாறு, கரைந்திருந்த கழிவு திரண்ட உடலாகித் தொட்டியை விட்டு நீங்குகின்றது.

இரண்டாவது வழியும் உண்டு. பாறைத் துளைகளின் ஆழத்தில் ஒட்சிசன் எட்டாத இடத்திலுள்ள பற்றீரியாக்கள், சுவாசித்தற்கு ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைப் பயன்படுத்தி, அதனை நைதரசன் வாயுவாக்கிக் காற்றொடு கலக்கவிடும். இது நைதரசனிறக்கம். இதற்கும் காபன் வேண்டும். ஆயின் முன்னைய வழியினும் மிகக் குறைந்த அளவே போதும்.

இம்முறை மீன்தொட்டிக்கே உரியதன்று. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் நைத்திரேற்றை நீக்குதற்கு மெதனோல் ஊட்டுதல் நெடுநாள் வழக்கு. இசுரவேல் நாட்டு அறிஞர் யோராம் அவ்னிமெலெக் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், மீன்குளத்தில் ஒரு கிராம் அமோனியா நைதரசனை நீக்க ஏறத்தாழ இருபது கிராம் மாவுப்பொருள் வேண்டும் எனக் கணக்கிட்டார். இன்று இறால் வளர்ப்போர் குளத்திற் கருப்பஞ்சாற்றுப் பாகும் மரவள்ளி மாவும் இடுதல் இத்தத்துவத்தைப் பின்பற்றியே. முருகைத் தொட்டிக்கு இம்முறையைப் பரப்பியோர் பெரும்பாலும் ஜெர்மானியர். அவர்கள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வொட்கா என்னும் மதுவையே துளித்துளியாகத் தொட்டியிற் சேர்த்தனர்.

மதுசாரமும் வினாகிரியும்

காபனைத் தரும் பொருள்கள் பல. அவற்றுள் எதயில் அற்ககோல், அசற்றிக் கமிலம், சீனி ஆகிய மூன்றும் எளிதிற் கிடைப்பன. எதயில் அற்ககோலில் நிறைப்படி நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பங்கும், அசற்றிக் கமிலத்தில் நாற்பது பங்கும் காபன். நூற்றுக்கு நாற்பது பங்கு மதுசாரமுடைய மதுவின் நூறு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 16½ கிராம் காபன் அடங்கும். நான்கு வீத அசற்றிக் கமிலமுடைய வினாகிரியின் அதே அளவில் 1.6 கிராமே உண்டு. ஆகவே மது, வினாகிரியினும் பத்து மடங்கு செறிவுடையது.

செறிவு மிக்கதே சிறந்தது எனச் சிலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. செறிந்த பொருளில் ஒரு துளி தவறினும் பிழை பத்து மடங்காகும். செறிவு குறைந்த பொருள் தவற்றைப் பொறுக்கும். மேலும் இந்நாட்டில் மதுசாரம் மதுவரிச் சட்டத்துக்கு உட்பட்டது. இந்துக் குடும்பங்கள் பலவற்றில் அதனை இல்லத்தில் வைத்தல் விரும்பப்படுவதுமன்று. வினாகிரியோ வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைப்பது. அதனிலும் இருவகை உண்டு: தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துச் செய்த இயற்கை வினாகிரி ஒன்று, அசற்றிக் கமிலத்தை நீரிற் கலந்து செய்த செயற்கை வினாகிரி மற்றொன்று. சமையலுக்கு முன்னையது உயர்ந்தது. தொட்டிக்கோ பின்னையதே தக்கது. ஏனெனில் தென்னை வினாகிரியிற் பிற சேதனப் பொருள்களும் பொசுபேற்று முதலியவும் கலந்திருத்தல் கூடும். நிறமும் மணமும் சேர்க்கப்பட்டவற்றை முற்றாக விலக்குதல் வேண்டும். சீனி எளிதாயினும், முருகைகளுக்கு ஒவ்வாமை விளைப்பதாகப் பலர் கண்டுள்ளமையின் அது பெரிதும் கைவிடப்பட்டது.

ஒரு கணக்கு

இருநூறு இலீற்றர்த் தொட்டியில் நைத்திரேற்று இலீற்றருக்கு இருபது மில்லிகிராம் உள்ளதெனக் கொள்வோம். மொத்த நைத்திரேற்று 4 கிராம். அதிலுள்ள நைதரசன் 0.9 கிராம். அதனைப் பற்றீரியாவின் உடலாக்க, ஒரு கிராம் நைதரசனுக்கு ஏறத்தாழ 4.3 கிராம் காபன் உடலிற் சேர்தல் வேண்டும். ஊட்டும் காபனிற் பாதியளவே உடலாகும். மறுபாதி சுவாசத்தில் எரிந்து காபனீரொட்சைட்டாகும். ஆகவே வேண்டும் காபன் ஏறத்தாழ 8 கிராம். வினாகிரி ஏறத்தாழ 500 மில்லிலீற்றர்.

இனி, எரியும் பாதியைக் கருதுக. அசற்றிக் கமிலத்தின் ஒரு கிராம் காபன் எரிய 2.7 கிராம் ஒட்சிசன் வேண்டும். நான்கு கிராம் காபனுக்கு ஏறத்தாழ 11 கிராம். கொழும்பின் வெப்பநிலையாகிய 28 பாகையிற் கடல்நீர் ஓர் இலீற்றரிற் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 6.4 மில்லிகிராமே, தொட்டி முழுவதும் 1.3 கிராம். வேண்டுவது 11; இருப்பது 1.3. மருந்து முழுவதையும் ஒரே நாளில் ஊட்டுவோன், தொட்டியிலுள்ள ஒட்சிசனைப்போல எட்டு மடங்கைக் கேட்கும் கடனை அதன்மேற் சுமத்துகின்றான். மீன்கள் மூச்சடைத்து மடிதல் உறுதி.

அதே அளவை முப்பத்தைந்து நாளுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்கு வினாகிரி 14 மில்லிலீற்றர்; ஒட்சிசன் 0.3 கிராம். காற்றூட்டம் அதனை எளிதில் ஈடுசெய்யும். இம்முறையின் உயிர்நாடி இதுவே: கொடுக்கும் பொருளன்று, கொடுக்கும் வேகமே நன்மை தீமைகளை வரையறுப்பது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்டலை வற்புறுத்தியமை, உண்பாரின் சமிக்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பது பற்றியன்றோ? தொட்டிக்கும் அவ்வெல்லை உண்டு.

இக்கணக்கில் நாள்தோறும் இடும் உணவின் நைதரசன் சேர்க்கப்படவில்லை. பாறையுள் நிகழும் நைதரசனிறக்கத்தாற் குறையும் பங்கும் கழிக்கப்படவில்லை. ஆதலிற் கணக்கு எல்லையை மட்டும் காட்டும். தக்க அளவைத் தொட்டியைச் சோதித்தே அறிதல் வேண்டும். முதல் வாரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு மில்லிலீற்றரே இட்டு, வாரந்தோறும் நைத்திரேற்றை அளந்து, சிறிது சிறிதாக உயர்த்துதல் முறை.

பொறியின் அமைப்பு

நாள்தோறும் தவறாது, சிறு கூறுகளாக, ஒரே அளவிற் கொடுத்தல் மனிதர்க்கு அரிது, பொறிக்கு எளிது. இதற்கென அமைந்த அளவூட்டும் பம்பி மிக எளிய கருவி. வளையத்தக்க மென்குழாயொன்றை உருளைகள் சுழன்று நசுக்கிச் செல்ல, குழாயினுள் உள்ள நீர்மம் முன்னே தள்ளப்படும். குடலில் உணவு நகரும் விதமும் இதுவே. நீர்மம் பொறியின் உறுப்புகளைத் தீண்டுவதில்லையாதலின் கமிலத்தால் அரிப்பு நேராது. ஒவ்வொரு சுழற்சியும் ஒரே அளவைத் தரும். பம்பியை ஒரு மணிக்கூட்டோடு இணைத்துவிட்டால், குறித்த நேரத்திற் குறித்த அளவு ஊட்டப்படும்.

மேற்கூறிய 14 மில்லிலீற்றரைக் காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை, மணிக்கு இரண்டு மில்லிலீற்றராக ஏழு முறை ஊட்டலாம். பகற்பொழுதைத் தேர்தற்குக் காரணம் உண்டு. விளக்கொளியிற் பாசியும் முருகையும் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசனை வெளியிடுகின்றன; இரவில் அவையும் சுவாசித்து அதனைக் குறைக்கின்றன. வைகறைக்கு முன்னரே தொட்டியின் ஒட்சிசன் மிகக் குறைவு.

பொறியை அமைப்போர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் சில உள. குழாயின் முனை நீரில் அமிழ்ந்திருத்தல் ஆகாது. அமிழின், பம்பி நின்ற வேளையிலும் நீர் வடிகுழாய்போல் ஒழுகுதல் கூடும். நீரோட்டம் மிக்க இடத்திலும் நுரைநீக்கியின் அருகிலும் வினாகிரி விழுதல் வேண்டும். மென்குழாய் நாளடைவிற் தளர்ந்து அளவு பிறழுமாதலின், திங்களுக்கொரு முறை அளவுச்சாடியிற் பிடித்துச் சரிபார்த்தல் வேண்டும். நுரைநீக்கி நிற்பின் பம்பியும் நிற்குமாறு இரண்டையும் பிணைத்தல் வேண்டும். பெருகும் பற்றீரியாவை வெளியேற்றும் வாயில் மூடியிருக்க, உணவு மட்டும் ஊட்டுதல் பேதைமை.

எல்லாவற்றினும் தலையாய விதி கலனைப் பற்றியது. எந்தப் பொறியும் ஒருநாள் பிழைக்கும். ஆளி ஒட்டிக்கொண்டு பம்பி நில்லாது ஓடுமாயின், கலனில் உள்ளது முழுவதும் தொட்டியிற் சேரும். ஆகவே கலனில் உள்ளது முழுவதும் ஒருங்கே வீழினும் மீன் உயிர்தப்பும் அளவே அதில் இருத்தல் வேண்டும். மேற்கூறிய தொட்டிக்கு மூன்று நாளளவு, அதாவது 42 மில்லிலீற்றர் தகும். அது கேட்கும் ஒட்சிசன் 0.9 கிராம், தொட்டியின் 1.3 கிராமுக்கு உட்பட்டது. ஒரு திங்களுக்குரியதைக் கலனில் நிரப்பி வைத்தல் வசதியாயினும் தகாது. மூன்று நாளைக்கொரு முறை கலனை நிரப்பும் சிறு தொல்லையே தொட்டியின் காப்பாகும்.

பொறி அறியாதவை

இனி ஒரு வினா எழும். நைத்திரேற்றை அளக்கும் உணரியொன்றைப் பொருத்தி, அது கூடின் ஊட்டத்தைக் கூட்டவும் குறையின் குறைக்கவும் பொறியையே ஏவினால் என்ன? தத்துவத்தில் இது பொருத்தமாகத் தோன்றும். நடைமுறையில் இடர் மிக்கது. இன்று ஊட்டிய காபனின் பயன் நீரில் வெளிப்படப் பல நாட்களும், தொடக்கத்திற் பல வாரங்களும் செல்லும். பற்றீரியா முதலிற் பெருகுதல் வேண்டுமன்றோ? பயனைக் காணாத பொறி, போதவில்லை எனக் கொண்டு நாள்தோறும் அளவை உயர்த்தும். பயன் தோன்றும்போது அளவு மிகையாகியிருக்கும். உடனே அது குறைக்கும். அதன் விளைவும் காலந்தாழ்த்தியே வரும். இவ்வாறு தொட்டி மிகைக்கும் குறைக்கும் இடையே ஊசலாடும். தாமதித்து விடையிறுக்கும் ஒன்றை விரைந்து ஆள முயல்வோர் யாவர்க்கும் இதுவே நேரும். மேலும் கடல்நீரின் குளோரைட்டு மிகுதியால், எளிய நைத்திரேற்று மின்வாய்கள் அதிற் செம்மையாக இயங்கா.

ஆகவே தன்னியக்கத்தின் எல்லை தெளிவாகின்றது. கொடுக்கும் தொழில் பொறிக்குரியது. அளவை மாற்றும் தீர்ப்பு வாரந்தோறும் சோதிக்கும் மனிதர்க்குரியது. நீர் பாலெனக் கலங்குதல், கண்ணாடியில் வெண்சவ்வு படர்தல், செந்நிறச் சவ்வுப்பாசி தோன்றுதல், மீன் நீர்மட்டத்தில் வாய் திறந்து நிற்றல் என்பன மிகையின் குறிகள். இவற்றுள் ஒன்று காணினும் ஊட்டத்தை நிறுத்துதல் வேண்டும். நைத்திரேற்றை முற்றாக ஒழித்தலும் நோக்கமன்று. அது இல்லாதொழியின் முருகை பட்டினியால் வெளிறும். பொசுபேற்று எஞ்சி நிற்க நைதரசன் அற்ற நீரில், வளியின் நைதரசனைத் தாமே பிடிக்கவல்ல சவ்வுப்பாசிகள் தலையெடுக்கும்.

சேதனக் காபன் மிகின் முருகைக்கே நேரடியாகத் தீங்கு என்பதும் ஆய்விற் காணப்பட்டுள்ளது. கிளைன் என்பாரும் உடன் ஆய்ந்தோரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீரிற் கரைந்த சேதனக் காபனை மிகுத்தபோது, முருகையின் மேலுள்ள சளிப்படையில் வாழும் நுண்ணுயிர்களின் பெருக்க வேகம் பத்து மடங்காயிற்று, முருகைகள் மடிந்தன. நைத்திரேற்று, பொசுபேற்று ஆகியவற்றை மிகுத்தபோது அத்துணை இறப்பு நிகழவில்லை. நோயெனக் கருதப்பட்டதினும் மருந்தே கொடிதாதல் கூடும் என்பதற்கு இது சான்று.

மின்தடை

கொழும்பில் இப்பொறியை அமைப்போர் மின்தடையை மறத்தலாகாது. 1996 இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி குன்றியபோது நாடெங்கும் மின்வெட்டு நடைமுறையாயிற்று. 2022 மார்ச்சு இறுதியில், எரிபொருட் பஞ்சத்தால் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்புருவரி 9 ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த தடையால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது.

மின் நின்றால் ஊட்டும் பம்பியும் நிற்குமாதலிற் கேடில்லை எனச் சிலர் எண்ணுவர். கேடு ஏற்கெனவே ஊட்டப்பட்டதில் உள்ளது. காலையிற் காபனை உண்டு பெருகிய பற்றீரியாக்கள் மின் நின்றபின்னும் சுவாசிக்கும். காற்றூட்டமும் நீரோட்டமும் இல்லை. விளக்கில்லாமையின் ஒளித்தொகுப்பும் இல்லை. காபன் ஊட்டாத தொட்டி பல மணி நேரம் தாங்கும் தடையை, ஊட்டிய தொட்டி தாங்காது போதல் கூடும். ஆகவே மின்கலம் ஒன்றே உளதாயின், அதனை இணைக்க வேண்டுவது காற்றூட்டும் பம்பிக்கே, ஊட்டும் பம்பிக்கன்று. மின்வெட்டு முன்னறிவிக்கப்பட்ட நாளில் ஊட்டத்தையே நிறுத்திவைத்தல் நன்று. மின் மீண்டபின், தவறிய அளவுகளை ஒருங்கே ஊட்டும் இயல்புடைய பொறிகளை விலக்குதல் வேண்டும். ஒருநாள் ஊட்டாமையால் தொட்டிக்குத் தீங்கில்லை. இருநாளளவை ஒருநாளில் ஊட்டுதலால் உண்டு.

தொட்டியும் நகரமும்

இத்துணைக் கூறியவை வீட்டுத்தொட்டிக்கு மட்டும் பொருந்துவன அல்ல. கழிவுநீரின் தீங்கை அளத்தற்கு உலகெங்கும் கொள்ளப்படும் அளவை, அதிலுள்ள சேதனப் பொருளை நுண்ணுயிர் உண்ணுங்கால் 20 பாகையில் ஐந்து நாளிற் கேட்கும் ஒட்சிசனேயாம். தொட்டியில் வினாகிரிக்குப் போட்ட கணக்கும் நகரின் கழிவுக்குப் போடும் கணக்கும் ஒன்றே.

கொழும்பு நகரின் நிலக்கீழ்க் கழிவுநீர்த் தொகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. தெற்குப் பகுதியின் கழிவு வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையை உள்ளிட்ட வடக்குப் பகுதியின் கழிவு முகத்துவாரத்தை அடுத்தும் கடலுள் நீளும் குழாய்களின் வழியே பல தசாப்தங்களாகச் செலுத்தப்பட்டு வந்துள்ளது. வெள்ளவத்தை வாய்க்காலும் களனி கங்கையும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. தொட்டியில் மணிக்கு இரண்டு மில்லிலீற்றராக, நுரைநீக்கி இயங்கும்போது மட்டும், நாள்தோறும் எண்ணி ஊட்டும் அதே சேதனக் காபனை, நகரம் அளவின்றியும் நேரமின்றியும் கடலுக்கு ஊட்டுகின்றது. அத்துடன் நைதரசனையும் பொசுபரசையும் சேர்த்தே ஊட்டுகின்றது. கடல் பெரிதாதலின் அலையும் நீரோட்டமும் அதனைப் பரப்பித் தாங்குகின்றன. ஆயினும் கரையை அடுத்த ஆழமற்ற பார்களுக்கு அத்தாங்கும் ஆற்றல் எல்லையற்றதன்று. 1998 இல் கடல் வெப்பமுற்று இக்கடுவை முதலிய இடங்களில் முருகைகள் வெளிறி மடிந்தன. வெப்பத்தால் நலிந்த பார்கள் மீளுதற்குத் தூய நீர் வேண்டும்.

இவ்வுண்மைகளை நேரிற் காண விரும்பும் மாணாக்கர்க்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரே அளவான இரு கலங்களிற் பாறையும் மணலும் கடல்நீரும் இட்டு, மீன் எதனையும் விடாது, இரண்டிலும் ஒரே அளவு நைத்திரேற்றைக் கரைத்து, இரண்டிற்கும் ஒரே அளவு காற்றூட்டி, ஒன்றிற்கு மட்டும் நாள்தோறும் சில துளி வினாகிரி ஊட்டுக. நைத்திரேற்றை வாரந்தோறும், கரைந்த ஒட்சிசனைக் காலையும் மாலையும் அளந்து வரைபடத்திற் குறிக்க. ஆறு வாரத்தில் இரு கோடுகளும் பிரியும் இடத்தை மாணாக்கர் தம் கண்ணாற் காண்பர். நைத்திரேற்றுக் கோடு தாழுங்கால், வைகறை ஒட்சிசன் கோடும் உடன்தாழ்கின்றதா என நோக்குதலே அச்சோதனையின் பயன். ஒன்றை நீக்குதற்கு மற்றொன்றை விலையாகக் கொடுக்க வேண்டும் என்பதையும், அவ்விலையை முன்னரே கணக்கிட்டுக் கொள்வோர்க்கே பொறி துணையாகும் என்பதையும் அவ்விரு கோடுகள் விளக்கும்.